நான்கு ஸ்பீக்கர் காலத்து இசைத்தட்டுகள்: எஸ்கியூவா, கியூஎஸ்ஸா, சிடி-4ஆ?

வாசகர் கேள்வி, ஜனவரி 6

வெளிநாட்டில் இருந்த பெரியப்பாவின் பெட்டியில் கொஞ்சம் குவாட்ராஃபோனிக் எல்பிகள், அதாவது நாலு ஸ்பீக்கரில் கேட்கச் செய்தவை, கிடைத்தன. பாதியில் எஸ்கியூ என்று போட்டிருக்கிறது, மீதியில் சிடி-4. சிடி-4தான் நிஜமான நாலு சேனல், எஸ்கியூ எல்லாம் கண்கட்டு வித்தை என்று படித்தேன். எஸ்கியூ தட்டுகளை விற்றுவிட்டு அந்தப் பணத்தை சிடி-4 செட்டப்பில் போடலாமா?

ஜனவரி 7

விற்காதீர்கள். முடிந்தால் மற்றவர்கள் விற்கும் எஸ்கியூ தட்டுகளையும் வாங்கிப் போடுங்கள். இப்போதெல்லாம் மலிவாகவே வருகின்றன.

நீங்கள் படித்தது 1973-இல் சரி. இரண்டு சேனலுக்குள் மடித்து வைத்த நாலையும் பிரித்தெடுக்கும் கருவிதான் டீகோடர். அன்றைக்குக் கடையில் கிடைத்த எஸ்கியூ டீகோடர்கள் படு சுமார். ஆனால் எஸ்கியூ தட்டின் பள்ளத்தில் இருப்பது சாதாரண ஸ்டீரியோ அலைவரிசைக்குள் அடங்கும் சங்கதி. சாதாரண ஊசியில் ஓட்டியிருந்தாலும் அது பெரும்பாலும் அப்படியே இருக்கும். டீகோடர் முன்னேற முன்னேற அதே தட்டிலிருந்து இன்னும் அதிகம் வெளியே எடுக்கலாம். சிடி-4 தட்டில் நிலைமை தலைகீழ். பின் ஸ்பீக்கர்களைப் பிரிக்கும் தகவல் காதுக்கே கேட்காத உயர் அலைவரிசையில் உட்கார்ந்திருக்கிறது. தப்பான ஊசியில் ஓட்டினால் முதலில் தேய்வது அதுதான். உங்கள் பெரியப்பா எந்த ஊசி வைத்திருந்தார் என்பதைப் பொறுத்துத்தான் அந்தப் பாதிப் பெட்டியின் மதிப்பே.

ஒரு ஃபார்மட்டைக் காகிதத்தில் ஒப்பிடுவது வேறு, ஐம்பது வருடம் கழித்துக் கையில் கிடைத்த தட்டை ஒப்பிடுவது வேறு.

ஜனவரி 7, இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. சிடி-4 தட்டை சாதாரண ஊசியில் "சும்மா ஒரு தடவை கேட்டுப் பார்க்கிறேன்" என்று ஓட்டிவிட வேண்டாம். ஷிபாட்டா, மைக்ரோலைன் மாதிரி ஒல்லி முனை ஊசி ஏதாவது வரும்வரை உறையிலேயே இருக்கட்டும்.

ஜனவரி 10

எஸ்கியூ எப்படி வேலை செய்கிறது என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் நீளும்.

சிபிஎஸ் ஆய்வகத்தில் பென் பாயர் தலைமையில் உருவாகி 1971-இல் வந்தது. ஷூர் 55 என்று அந்தப் பழைய வெள்ளி மைக் இருக்கிறதே, பழைய படங்களில் பாடகர்கள் முன்னால் நிற்குமே, அதை வடிவமைத்தவரும் இதே மனிதர்தான். அவருக்குக் கிடைத்த நிபந்தனை: முன் இடதும் வலதும் ஸ்டீரியோவில் போலவே துல்லியமாகப் பிரிந்திருக்க வேண்டும், சாதாரண ஸ்டீரியோவில் போட்டாலும் யாரும் குறை சொல்லக்கூடாது. அதனால் முன் இரண்டையும் தொடாமல் விட்டார். பின் இடதை இரண்டு சேனலிலும் சம அளவில், ஆனால் ஒன்றுக்கொன்று 90 டிகிரி ஃபேஸ் தள்ளி, அதாவது ஒரு சேனலின் அலை மற்றதைவிடக் கால் சுற்று முந்தும்படி, வைத்தார். பின் வலதும் அப்படித்தான், ஆனால் முந்திப்போகும் சேனல் மாறிவிடும். யார் முந்துகிறார்கள் என்பது ஒன்றுதான் பின் இடதுக்கும் பின் வலதுக்கும் வித்தியாசம்.

இதைப் பள்ளத்தில் பார்த்தால் அழகு. முன் இடது மட்டும் ஒலித்தால் ஊசி ஒரு பக்கச் சுவரோடு சாய்வாக ஆடும். பின் இடது மட்டும் ஒலித்தால் ஊசி வட்டமாகச் சுற்றும். பின் வலதுக்கு அதே வட்டம், எதிர்த் திசையில். தட்டு நகர்ந்துகொண்டே இருப்பதால் திருகு போல ஒரு பாதை விழும். இதை நினைத்தபடி ஒரு எஸ்கியூ தட்டைக் கேட்டுப் பாருங்கள், பின் மூலையில் ஒரு கிடார் வரும்போதெல்லாம் ஊசி குட்டிக் குட்டியாகச் சுழல்கிறது.

கெட்ட சேதி: லாஜிக் எதுவும் இல்லாத அடிப்படை டீகோடரில் முன் இடது ஒலி பின் இரண்டிலும் வெறும் 3 டெசிபல் குறைவாகக் கேட்கும். நடுவில் நிற்கும் பாடகர் கதி இன்னும் மோசம். கணக்குப் போட்டால் நாலு ஸ்பீக்கரிலும் ஒரே அளவு வரும். அறை நடுவில் உட்கார்ந்தால் பாடகர் நம் தலைக்குள் நின்று பாடுகிற மாதிரி இருக்கும். 1970களில் எஸ்கியூவை ஏமாற்று என்று திட்டியவர்கள் கேட்டது இதைத்தான். அவர்கள் காது பொய் சொல்லவில்லை.

பின் நடுவில் வைத்த ஒலிக்கு இன்னொரு விபரீதம்: இரண்டு சேனலிலும் நேர் எதிர் ஃபேஸில் விழுவதால் மோனோ ரேடியோவில் காணாமலே போய்விடும்.

ஜனவரி 12

"லாஜிக்" என்றால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது எந்த மூலை ஓங்கி ஒலிக்கிறது என்று டீகோடர் நொடிக்கு நொடி கவனித்து, அதன் கசிவை மற்ற மூலைகளில் அமுக்கும். மோசமாகச் செய்தால் சத்தம் மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கும். நன்றாகச் செய்தால் தெரியவே தெரியாது. சோனி எஸ்கியூடி-2020 அந்தக் காலத்து ஃபுல் லாஜிக், பரவாயில்லை ரகம். நிஜமாகச் சாதித்தது டேட் என்ற சிப்பை வைத்து ஜிம் ஃபாஸ்கேட் செய்த ஃபாஸ்கேட் டேட் II 101ஏ. அது கடைக்கு வந்தபோது குவாட் (குவாட்ராஃபோனிக்கின் செல்லப் பெயர்) செத்துச் சில வருடம் ஆகியிருந்தது.

ஜனவரி 15

எஸ்கியூ போலவே நாலை இரண்டுக்குள் மடிக்கும் இன்னொரு முறையான கியூஎஸ் பற்றி யாருமே கேட்கவில்லை. எப்போதும் இதுதான் நடக்கிறது, எனக்கு ஆதங்கம்.

சான்சுயின் ரியோசுகே இத்தோ செய்தது. நாலு மூலைக்கும் ஒரே மரியாதை: எந்த மூலையை எடுத்தாலும் அடுத்த மூலைகளுக்கு 3 டெசிபல் கசிவு, எதிர் மூலைக்குச் சுத்தமாகப் பூஜ்யம். நடுப் பாடகர் பின்னால் 7.7 டெசிபல் குறைந்துதான் வருவார், அதனால் அடிப்படை டீகோடரிலேயே முன்னால் நிற்பார். இதற்குக் கொடுத்த விலை, சாதாரண ஸ்டீரியோவில் கேட்கும்போது முன் இடதும் வலதும் கொஞ்சம் நெருங்கிவிடும். சிபிஎஸ்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. வேரியோமேட்ரிக்ஸ் என்ற டீகோடர் சேர்ந்ததும் பிரிவு 20 டெசிபலை எட்டியது.

என்னிடம் இருப்பது சான்சுயின் கியூஆர்எக்ஸ் வரிசை ரிசீவர் ஒன்று. தூக்கி மேஜையில் வைக்க இரண்டு ஆள் வேண்டும். வால்வ் இல்லை, எல்லாம் டிரான்சிஸ்டர், ஆனாலும் மார்கழியில் பக்கத்தில் உட்கார்ந்தால் கதகதப்பாக இருக்கும். சாதாரண ஸ்டீரியோ தட்டை அதன் சிந்தசைசர் பொத்தானை அமுக்கிக் கேட்டால் பல பழைய பதிவுகள் நாலு மூலைக்கும் தானாகப் பரவுகின்றன. கைதட்டல், கோரஸ், எதிரொலி எல்லாம் பின்னால் போய்விடும். வேரியோமேட்ரிக்ஸை வாங்க இதுவே போதுமான காரணம்.

ஜனவரி 21

சிடி-4. மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஜேவிசி செய்தது, அமெரிக்காவில் ஆர்சிஏ குவாட்ராடிஸ்க் என்ற பெயரில் விற்றது. பள்ளத்தின் இடது சுவரில் முன் இடதும் பின் இடதும் கூட்டினால் வரும் ஒலி, 15 கிலோஹெர்ட்ஸ் வரை, சாதாரணமாக. அதற்கு மேலே 30 கிலோஹெர்ட்ஸில் ஒரு கேரியர், அதாவது வேறொரு ஒலியைச் சுமந்து வரும் அலை. அந்தக் கேரியர் மேல் முன் இடதுக்கும் பின் இடதுக்கும் உள்ள வித்தியாசம். கூட்டலும் கழித்தலும் கையில் இருந்தால் இரண்டையும் பிரித்துவிடலாம், எட்டாம் வகுப்புக் கணக்கு. வலது சுவரிலும் இதே. கேரியர் மொத்தமாக 18 முதல் 45 கிலோஹெர்ட்ஸ் வரை பரவும். 1970களின் வினைலில் 45 கிலோஹெர்ட்ஸ்! யோசித்த ஆளின் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும்.

இனி அளவு. தட்டின் வெளி ஓரத்தில் பள்ளம் ஊசிக்கடியில் நொடிக்கு அரை மீட்டர் ஓடுகிறது. அங்கே 30 கிலோஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் 17 மைக்ரான். கடைசிப் பாட்டுக்கு வரும்போது வேகம் நொடிக்கு 21 சென்டிமீட்டர், அலை வெறும் 7 மைக்ரான். சாதாரண உருண்டை ஊசி முனையின் ஆரமோ 18 மைக்ரான். லாரி சக்கரம் சைக்கிள் பள்ளத்தில் இறங்காது, ஓரத்தை இடித்துக்கொண்டு போகும். அதுதான் நடந்தது. இதற்காகவே நோரியோ ஷிபாட்டா ஊசி முனையைப் பக்கவாட்டில் ஒல்லியாகச் சீவினார். குவாட் போய்விட்டது, ஷிபாட்டா ஊசி இன்றும் விற்கிறது.

தேய்ந்த சிடி-4 எப்படிக் கேட்கும்? நான் ஒரு தடவை "புத்தம் புதுசு" என்று சொல்லி விற்ற ஒருவரிடம் வாங்கினேன். கண்ணாடி மாதிரி பளபள, ஒரு கீறல் இல்லை. கேரியரிலிருந்து ஒலியைப் பிரித்தெடுக்கும் டீமாடுலேட்டரில், கேரியர் கிடைத்ததைக் காட்டும் ராடார் விளக்கு எரிந்தது, சந்தோஷம். பாடகி "ஸ" என்று வாயைத் திறந்ததும் பின் ஸ்பீக்கரில் மணல் காகிதம் உரசுகிற சத்தம். முதல் பாட்டில் லேசாக, கடைசிப் பாட்டில் ஸ்பீக்கரே கிழிந்த மாதிரி. ஸ்டீரியோவில் போட்டால் அதே தட்டு அமைதியாக, அருமையாக ஓடுகிறது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து சிடி-4 வாங்கவே முடியாது என்பதற்கு இது சாட்சி.

ஜனவரி 22

நேற்றையதன் தொடர்ச்சி, செட்டப் செய்கிறவர்களுக்கு. டோன் ஆர்மிலிருந்து டீமாடுலேட்டர் வரை கேபிளின் மொத்தக் கெப்பாசிட்டன்ஸ் 100 பிகோஃபாரட்டுக்குள் இருக்க வேண்டும். தடித்த, பகட்டான, மீட்டர் கணக்கில் நீளும் கேபிள் இங்கே எதிரி. குட்டையாக, ஒல்லியாக இருக்கட்டும். டீமாடுலேட்டர் முகப்பில் இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி செபரேஷன் திருகு இருக்கும். கூடவே வந்த சோதனைத் தட்டில் ஒருவர் முன் இடதிலிருந்து மட்டும் பேசுவார். பின் இடதில் அவர் குரல் மறையும்வரை திருக வேண்டும். முழுக்க மறையாது. தேடித் தேடி ஒரு புள்ளியில் சட்டென்று மெலியும், அதைத் தாண்டினால் மறுபடி வளரும். அந்தப் புள்ளி ஊசிமுனை அளவுதான். ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து.

ஜனவரி 22, கொஞ்ச நேரம் கழித்து

வீட்டில் இருப்பவர்கள் அந்தச் சோதனைத் தட்டு ஆளின் குரலைக் கேட்டாலே எழுந்து போய்விடுகிறார்கள்.

பிப்ரவரி 3

கியூ8 என்ற நாலு சேனல் டேப் கேட்ரிட்ஜ் வாங்கலாமா என்று ஒருவர். தட்டுப் போரில் மாட்டாமல் நாலு சேனலையும் தனித்தனியாகக் கேட்க மலிவான வழி இதுதான். ஆர்சிஏ 1970-இல் கொண்டுவந்தது. சாதாரண 8-ட்ராக்கில் இரண்டிரண்டாக நாலு நிகழ்ச்சி. இதில் நான்கு நான்காக இரண்டு. கேட்ரிட்ஜ் மூலையில் ஒரு வெட்டு இருக்கும், அதைத் தொட்டுத்தான் டெக் இது குவாட் என்று தெரிந்துகொள்ளும். சில குவாட் மிக்ஸ்கள் இதில் மட்டுமே வெளிவந்தன, தேடுகிறவர்கள் தேடுவது அதனால்தான். டேப் நொடிக்கு 3¾ அங்குலம் ஓடுவதால் மேல் ஸ்தாயி மங்கல், இரைச்சல் உண்டு.

வாங்கிய கையோடு டெக்கில் சொருகாதீர்கள். உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச் பொடியாகியிருக்கும், ரப்பர் உருளை சில கேட்ரிட்ஜ்களில் ஜீராவில் போட்ட ஜாமூன் பதத்துக்கு வந்திருக்கும், வளையத்தை இணைக்கும் உலோகத் துண்டின் பசை காய்ந்து போயிருக்கும். சென்னைக் காற்றுக்கு இது இரட்டிப்பு வேகத்தில் நடக்கிறது. கேட்ரிட்ஜின் கூட்டைத் திறந்து மூன்றையும் மாற்றிவிட்டு ஓட்டுங்கள். திறக்காமல் ஓட்டினால் டேப் உள்ளே சுருண்டு கொள்ளும், அப்புறம் அது டேப் இல்லை, இடியாப்பம்.

பிப்ரவரி 4

நம் ஊருக்கே உரிய தலைவலி ஒன்று. அமெரிக்க டெக்கை 230 வோல்ட்டில் சொருகக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும், ரிச்சி தெருவில் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிவிடுவார்கள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. பழைய டெக்குகளில் பலவற்றின் மோட்டார் மின்சாரத்தின் அலைவரிசையைப் பிடித்துக்கொண்டு ஓடுவது. 60-க்குச் செய்த மோட்டார் நம் ஊரில் ஆறில் ஐந்து பங்கு வேகம்தான் ஓடும். மேல் ஷட்ஜம் பாடினால் சதுஸ்ருதி தைவதம் கேட்கும், சொல்லி வைத்த மாதிரி. சங்கீதம் தெரிந்தவர்கள் உடனே கண்டுபிடிப்பார்கள், மற்றவர்கள் "பாடகருக்கு உடம்பு சரியில்லையோ" என்பார்கள்.

ஜப்பானுக்கென்று செய்த மாடலாக இருந்தால் தப்பித்தீர்கள். அங்கே டோக்கியோ பக்கம் 50, ஒசாகா பக்கம் 60. அதனால் பல ஜப்பான் மாடல்களில் இரண்டுக்கும் வழி இருக்கும், மோட்டார் தண்டில் கப்பி மாற்ற வேண்டியதுதான். டைரக்ட் டிரைவ் டர்ன்டேபிளுக்கு இந்தப் பிரச்சினை கிடையாது.

பிப்ரவரி 9

ஸ்பூல் டேப்பை மறந்துவிட்டீர்களே என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். மறக்கவில்லை, விலையை நினைத்துத்தான் வாயைத் திறக்கவில்லை. குவாட் தொடங்கியதே அங்கேதான்: 1969-இல் வேன்கார்ட் என்ற இசை நிறுவனம் வெளியிட்ட ஸ்பூல்கள். கால் அங்குல டேப், நாலு ட்ராக்கும் ஒரே திசையில், நொடிக்கு 7½ அங்குலம். இருப்பதிலேயே நல்ல ஒலி அதுதான், விவாதமே இல்லை.

இதற்காக வந்த டியாக் ஏ-3340 கதை சுவாரசியம். ஒரு ட்ராக்கைக் கேட்டுக்கொண்டே அடுத்ததில் பதியலாம் என்ற வசதி இருந்ததால் வீட்டில் பாட்டுக் கட்டுகிறவர்கள் இதை அள்ளிக்கொண்டு போனார்கள். நாலு ஸ்பீக்கர் கேட்க வந்த மெஷின், நாலு ட்ராக் ஸ்டுடியோ ஆகிவிட்டது.

பிப்ரவரி 17

ஜனவரி 7-இல் எழுதியதைத் திரும்பப் படித்தேன். எஸ்கியூவுக்கு ரொம்பத்தான் வக்காலத்து வாங்கியிருக்கிறேன். நல்ல நிலையிலுள்ள சிடி-4 தட்டு, சரியான ஊசி, சரியாகத் திருகிய டீமாடுலேட்டர், இந்த மூன்றும் ஒரே இரவில் ஒத்துவந்தால் எஸ்கியூ பக்கத்தில் நிற்க முடியாது. நாலு மூலையிலும் ஒரே நேரத்தில் நாலு வேலை நடக்கும்போது லாஜிக் டீகோடர் யாரை அமுக்குவது என்று தடுமாறும், சிடி-4 அசையாது. நான் சொல்ல வந்தது, அந்த இரவு எத்தனை முறை வாய்க்கும் என்பது.

எஸ்கியூவின் ஆயுசு நீண்டதற்கு ஒரு தனிக்கதை உண்டு. இரண்டு சேனலுக்குள் நாலை மடிக்கும் யோசனையில் முன்னோடி பீட்டர் ஷைபர்; அவருடைய காப்புரிமைகளுக்கு டால்பியும் உரிமம் வாங்க வேண்டியிருந்தது. டேட் டீகோடர் செய்த ஃபாஸ்கேட், பிற்பாடு 2000-இல் வந்த, ஸ்டீரியோவைப் பல ஸ்பீக்கருக்கு விரிக்கும் டால்பி ப்ரோ லாஜிக் II-ஐயும் உருவாக்கினார். குவாட் தோற்றது என்கிறார்கள். தோற்றவர்கள் சினிமா தியேட்டர் வழியாக நம் வீட்டு ஹோம் தியேட்டருக்குள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

பிப்ரவரி 18

உடனே அடுத்த கேள்வி வந்துவிட்டது: அப்படியானால் வீட்டு ஏவி ரிசீவரின் ப்ரோ லாஜிக் II-இலேயே எஸ்கியூ தட்டைப் போடலாமா? போடலாம், சரியாக வராது. கியூஎஸ் தட்டு ஓரளவு வரும், ஏனென்றால் அதன் பின் மூலைகள் எதிர் ஃபேஸ் பக்கம் சாய்ந்தவை, ப்ரோ லாஜிக் தேடுவதும் அதைத்தான். எஸ்கியூவின் 90 டிகிரி வட்டத்தை அதற்கு இடம் பிரிக்கத் தெரியாது. எஸ்கியூவுக்கு எஸ்கியூ டீகோடர்தான் வேண்டும். இன்றைக்குப் புதிதாக வாங்குவதென்றால் ஆஸ்திரேலியாவின் இன்வால்வ் செய்யும் சரவுண்ட் மாஸ்டர். ஃபாஸ்கேட்டைத் தேடி வயதைத் தொலைக்க வேண்டாம்.

மார்ச் 2

கம்ப்யூட்டருக்கு மாற்றுவது பற்றி. எஸ்கியூ, கியூஎஸ் இரண்டையும் டீகோட் செய்யாமல், வெறும் ஸ்டீரியோவாக, வேவ் அல்லது ஃப்ளாக்கில் எடுத்து வையுங்கள். நாளைக்கு இன்னும் நல்ல டீகோடர் வந்தால் அதே ஃபைலை மறுபடி ஓட்டலாம். எம்பி3 வேண்டாம், குறைந்த பிட்ரேட்டில் அது இரண்டு சேனலையும் சேர்த்துச் சுருக்கும்போது ஃபேஸைக் கலைத்துவிடும், பின் மூலைகள் அதில்தான் ஒளிந்திருக்கின்றன. கேசட்டில் எடுத்த பிரதியும் அப்படியே, ஹெட் ஒரு மயிரிழை சாய்ந்தாலும் போச்சு.

சிடி-4ஐக் கேரியரோடு பச்சையாகப் பதிய வேண்டுமென்றால் 96 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளிங் 48 வரை பிடிக்கும், விளிம்பில் நிற்கிறது. 192 வைத்தால் நிம்மதி.

மார்ச் 3

டீகோடர் வாங்கும் முன் செலவே இல்லாமல் ருசி பார்க்க ஒரு வழி: டேவிட் ஹாஃப்லர் பெயரில் வழங்கும் இணைப்பு. முன் ஸ்பீக்கர்கள் எப்போதும்போல. பின் ஸ்பீக்கர் இரண்டையும் தொடராக இணைத்து, ஆம்பின் இடது ப்ளஸ்ஸுக்கும் வலது ப்ளஸ்ஸுக்கும் நடுவில் மாட்டுங்கள். இரண்டு சேனலுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் பின்னால் வரும். மோனோ தட்டு ஒன்றைப் போட்டு, பின்னால் சத்தம் அடங்கும்வரை பேலன்ஸைத் திருப்பினால் கார்ட்ரிட்ஜின் சமநிலையும் தெரிந்துவிடும். எச்சரிக்கை: பழைய சாதாரண ஆம்புக்கு மட்டும். இப்போது வரும் குட்டி டிஜிட்டல் ஆம்புகளில் பலவும் பிரிட்ஜ் முறையில் ஓடுபவை, அதில் இதைச் செய்தால் ஆம்ப் காலி.

மார்ச் 11

கேள்வி கேட்டவர் பெட்டியைக் கடைசியில் பிரித்துப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்: அடியில் ஜேவிசி 4டிடி-5 டீமாடுலேட்டர் ஒன்றும், ஒரு ஹெட்ஷெல்லில் ஷிபாட்டா ஊசியும் இருக்கிறதாம்.

அப்படியானால் பெரியப்பா விஷயம் தெரிந்தவர். உங்கள் சிடி-4 தட்டுகள் பிழைத்திருக்க நிறைய வாய்ப்பு. அந்தப் பழைய ஊசியை ஒரு நல்ல பூதக்கண்ணாடியில் பார்க்காமல் எந்தத் தட்டிலும் வைக்காதீர்கள். முனை உடைந்திருந்தால் ஒரே ஓட்டத்தில் எல்லாம் போய்விடும். டீமாடுலேட்டர் பின்னால் எத்தனை வோல்ட் எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள், அப்புறம் கேபிள் பற்றிப் பேசலாம்.